புதுச்சேரிப் பகுதிக் காட்டுக் காளான்கள்

காட்டுக் காளான்கள் என்பவை மனிதரால் பயிரிடப்படாமல் மண்ணிலும், மட்கிய இலையிலும், பட்ட மரத்திலும், கறையான் புற்றிலும், சாணத்திலும் தாமாக முளைக்கும் பூஞ்சைகளின் கனியுடல்கள் ஆகும். பூஞ்சையின் உண்மையான உடல் மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கும். போதிய ஈரம் கிடைக்கும்போது மட்டும் அது காளானாக வெளியே தலைகாட்டும். இதனால் ஒரு காளானை இனங்காண அதன் வடிவத்தைப் போலவே அது முளைத்த இடமும் காலமும் முதன்மையானவை.

இக்கட்டுரை புதுச்சேரி நகரம், அதன் தெற்கே சுண்ணாம்பாற்றின் கரையில் அமைந்த நோணாங்குப்பம், அவற்றைச் சூழ்ந்த சோழமண்டலக் கடற்கரைப் பகுதி ஆகியவற்றின் வாழிடங்களில் எதிர்பார்க்கத்தக்க காளான்களையும், அவற்றை இனங்காணும் முறைகளையும், நச்சுக் காளான்களால் நேரும் ஆபத்தையும் விளக்குகிறது.

பெயர்கள்

காளான் என்ற சொல்லுடன் நாய்க்குடை என்ற சொல்லும் தமிழில் பரவலாக வழங்குகிறது. பொதுவாக உண்ணத்தகாதவை என்று கருதப்படுபவற்றையே நாய்க்குடை என்பர். எனினும் இப்பிரிவு அறிவியல் அடிப்படை கொண்டதன்று. ஒரே பேரினத்துக்குள் உண்ணத்தக்கவையும் நஞ்சுள்ளவையும் இருக்கலாம்.

சங்க இலக்கியத்தில் காளானுக்கு ஆம்பி என்ற பெயர் வருகிறது. புறநானூற்றின் 164 ஆம் பாடல், சமைத்து நெடுநாளான அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதை வறுமையின் அடையாளமாகக் காட்டுகிறது. சிறுபாணாற்றுப்படை, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் முளைத்த காளாம்பியைக் குறிப்பிடுகிறது. இந்நூலின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு, புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள திண்டிவனம், மரக்காணம் பகுதி ஆகும். கறையானுக்கும் காளானுக்கும் உள்ள நெருக்கம் இப்பகுதியில் பழங்காலத்திலேயே கவனிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இது சான்று.

நிலமும் மழையும்

சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து வங்காள விரிகுடாவில் கலக்கிறது. நோணாங்குப்பம் புதுச்சேரி - கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ளது. ஆற்றோரத்தில் உவர்நீரும் அலையாத்திச் செடிகளும், கடலோரத்தில் மணலும் சவுக்கும், உட்பகுதியில் தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் காணப்படுகின்றன. நகருக்கு வடக்கே ஆரோவில் மேட்டுநிலத்தில் செம்மண் மிகுந்துள்ளது.

புதுச்சேரியின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் ஆகும். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சூன் மாதத்தில் தொடங்கும் காளான் பருவம் இங்கு பிந்தி வருவதற்கு இதுவே காரணம். அப்பகுதிகளுக்காக எழுதப்பட்ட கால அட்டவணைகள் சோழமண்டலக் கடற்கரைக்குப் பொருந்தா.

வாழிடங்கள்

கறையான் புற்றுகள்

இப்பகுதியில் உண்பதற்காக மிகவும் விரும்பித் தேடப்படுவது புற்றுக்காளான் ஆகும். இது டெர்மிட்டோமைசஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. சில வகைக் கறையான்கள் தாம் மென்று விழுங்கிய இலை, மரத் துகள்களைக் கழிவாக வெளியேற்றி, அவற்றைக் கொண்டு புற்றுக்குள் பஞ்சு போன்ற அடைகளைக் கட்டுகின்றன. அந்த அடைகளில் இப்பூஞ்சை வளர்கிறது. கறையானால் எளிதில் செரிக்க இயலாத மரப்பொருளைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்கிறது. பதிலுக்குக் கறையான்கள் அதற்கு இடமும் உணவும் ஈரமும் அளித்து, பிற பூஞ்சைகள் புகாமல் காக்கின்றன. இந்தக் கூட்டுவாழ்வு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

மழைக்குப் பின் நிலத்தடியில் உள்ள அடையிலிருந்து காளான் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. இதனால் இதன் காம்பு மண்ணுக்குள் வேர் போல நீண்டு, அடைவரை செல்லும். குடையின் நடுவில் கூரிய முனை இருக்கும். மண்ணைத் துளைக்க உதவுவது இம்முனையே. புற்று மண்மேல் தெரிய வேண்டும் என்பதில்லை. சமதரையிலும் அடியில் கறையான் கூடு இருந்தால் இக்காளான் முளைக்கும்.

டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்ப்பஸ் இதில் விதிவிலக்கு. கறையான்கள் பழைய அடைத் துகள்களை வெளியே கொண்டுவந்து பரப்பும் இடத்தில், அரிசி இறைத்தாற்போல நூற்றுக்கணக்கான சிறு வெண்காளான்களாக இது முளைக்கும். இதற்கு வேர் போன்ற நீட்சி கிடையாது. மலையாளத்தில் இதனை அரிக்கூண் என்பர்.

புற்றுகளின் மேல் காணப்படும் மற்றொரு காளான் போடாக்சிஸ் பிஸ்டிலாரிஸ் ஆகும். இது விரியாத குடையுடன் முரசடிக்கும் கோலைப் போல நிற்கும். முதிர்ந்தபின் உள்ளே கரும்பழுப்புத் தூள் நிறைந்திருக்கும். வறண்ட நிலத்தைத் தாங்கி வளரும் இக்காளான் இராசத்தானில் இளம் நிலையில் உண்ணப்படுகிறது.

வறண்ட பசுமைமாறாக் காடு

சோழமண்டலக் கடற்கரையின் இயற்கைக் காடு வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு ஆகும். வீரை, உலக்கைப்பாலை, காசான், நாவல் முதலிய மரங்கள் இதில் உள்ளன. இக்காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. எஞ்சிய துண்டுகள் கோயில் காடுகளாகவே காணப்படுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அவற்றுள் ஒன்று. 1968 இல் நிறுவப்பட்ட ஆரோவில்லில் இக்காட்டை மீட்கும் நோக்குடன் மரங்கள் நடப்பட்டுள்ளன.

மேலை நாட்டுக் காளான் நூல்களில் இடம்பெறும் பெரும்பாலான காட்டுக் காளான்கள் ஓக், பைன் போன்ற மரங்களின் வேர்களை உறைபோல் சூழ்ந்து வாழ்பவை. வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள் பெரும்பாலும் அத்தகைய கூட்டுறவு கொள்வதில்லை. எனவே இங்கு அந்நூல்களில் தேடுவது பயன் தராது. இங்கு முதன்மையானவை இலைச்சருகை மட்கச் செய்யும் சிறு காளான்கள், மரத்தைச் சிதைக்கும் காளான்கள், புற்றுக்காளான்கள் ஆகியவையே. மாறாக, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நடப்பட்ட பைன் தோப்புகளில் பைன் மரத்தையே சார்ந்த சூய்லஸ் போன்ற காளான்கள் மரத்துடன் சேர்ந்து குடியேறியுள்ளன.

சவுக்கு, தைலமரத் தோப்புகள்

அவுசுதிரேலியாவிலிருந்து வந்த தைலமரம், கத்திச்சவுக்கு ஆகியவற்றின் வேர்களுடன் பிசோலித்தஸ் என்னும் உருண்டைக் காளான் கூட்டுறவு கொள்கிறது. வெட்டினால் உள்ளே பருப்பு அடுக்கியதுபோன்ற அறைகள் தெரியும். முதிர்ந்ததும் பழுப்புத் தூளாக உதிரும். இது உணவன்று. நாற்றுகளுக்கு ஊட்டமளிக்கும் வேர்ப்பூஞ்சையாகவே இது பயன்படுகிறது.

வயல், வைக்கோல், சாணம்

நெல் அறுவடைக்குப் பின் மட்கும் வைக்கோற்போரில் வைக்கோல் காளான் முளைக்கிறது. இளம் நிலையில் முட்டை வடிவ உறைக்குள் இருக்கும். உறை கிழிந்து குடை வெளிவந்த பின்னும் அடியில் கிண்ணம் போல உறை தங்கிவிடும். மட்கு நிறைந்த வயல் ஓரங்களில் பால் காளான் காணப்படுவதுண்டு. தடித்த வெண்ணிறக் காம்பும் சதைப்பற்றுள்ள வெண்குடையும் இதன் அடையாளங்கள்.

சாணத்திலும் எருக்குழியிலும் முளைப்பவற்றுள் மைக்காளான்கள் முதன்மையானவை. இவை காலையில் விரிந்து மாலைக்குள் கரிய நீராகக் கரைந்துவிடும். சாணத்தில் வளர்ந்து, கையால் அழுத்திய இடத்தில் நீலமாக மாறும் காளான்கள் மனமயக்கம் தரும் சிலோசைபின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டவை. இப்பொருள் இந்தியாவில் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

தென்னையும் பட்ட மரங்களும்

பட்ட மரங்களிலும் விறகுக் கட்டைகளிலும் சிப்பிக் காளான்கள், மரக்காதுக் காளான்கள், விசிறி வடிவிலான சிசோஃபில்லம் ஆகியவை வளர்கின்றன. உயிருள்ள தென்னையின் அடியில் பளபளப்பான செம்பழுப்பு நிறத்தில் மரத்தட்டு போல கானோடெர்மா முளைத்தால், அது தஞ்சாவூர் வாடல் நோயின் அறிகுறி ஆகும். இந்நோய் 1952 ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சாவூர் மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. காளான் வெளியே தெரியும்போது மரத்தின் அடிப்பகுதி உள்ளே பெரிதும் அழுகியிருக்கும்.

புல்வெளிகள்

பூங்கா, விளையாட்டுத் திடல், வீட்டுத் தோட்டம் ஆகியவற்றின் புல்தரையில் மழைக்குப் பின் வட்டமாக முளைக்கும் பெரிய வெண்குடைகள் பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் ஆகும். இது நஞ்சுள்ளது. உலகின் வெப்பப் பகுதிகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு மிகுதியாகக் காரணமாகும் காளான்களுள் இதுவும் ஒன்று.

பருவ நாட்காட்டி

சனவரி - மார்ச்: மண் உலரும் காலம். மண் காளான்கள் அரிது. மரத்தட்டுக் காளான்களும் பழைய போடாக்சிஸ் எச்சங்களும் மட்டும் தென்படும்.

ஏப்ரல் - மே: கோடை மழை பெய்தால் புல்வெளிக் காளான்களும் மைக்காளான்களும் சில நாட்கள் தோன்றும். குளோரோஃபில்லம் இக்காலத்திலும் முளைக்கும்.

சூன் - செப்டம்பர்: மாலை நேர இடிமழை இடைவிட்டுப் பெய்யும் காலம். மண் தொடர்ந்து ஈரமாக இருக்கும் இடங்களில் புற்றுக்காளான் முளைக்கத் தொடங்கும்.

அக்டோபர் - டிசம்பர்: முதன்மைப் பருவம். முதல் பெருமழைக்குப் பின் வரும் நாட்களே புற்றுக்காளான் தேடுவோருக்கு ஏற்றவை. தொடர் கனமழையில் நீர் தேங்கினால் காளான்கள் விரைவில் அழுகும்.

இடி இடித்தால் காளான் பூக்கும் என்பது நாட்டு வழக்கு. இடியுடன் வரும் மழையும் ஈரமும் இதற்குப் பொதுவான விளக்கமாகும். மின்னழுத்தத் துடிப்புகள் சில காளான்களின் விளைச்சலைக் கூட்டுகின்றன என்று சப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளும் காட்டியுள்ளன.

இனங்காணும் முறை

ஒரு காளானை ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு இனங்காண இயலாது. கீழ்க்காணும் வரிசையில் எல்லாவற்றையும் பார்த்துப் பதிவு செய்தல் வேண்டும்.

1. இடம்: மண், சாணம், வைக்கோல், மரம், புற்று இவற்றுள் எதில் முளைத்தது, அருகில் என்ன மரம் உள்ளது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அடிப்பகுதி: காளானைப் பிடுங்கக்கூடாது. சுற்றியுள்ள மண்ணைத் தோண்டி முழுமையாக எடுக்க வேண்டும். அடியில் கிண்ணம் போன்ற உறை உள்ளதா, வேர் போன்ற நீட்சி உள்ளதா என்பது உயிர்காக்கும் தகவல். காம்பை மண்மட்டத்தில் கிள்ளினால் இத்தகவல் மண்ணிலேயே தங்கிவிடும்.

3. காம்பு: வளையம் உண்டா, அது அசையுமா, காம்பு உள்ளே கூடானதா என்று பார்க்க வேண்டும்.

4. குடை: நிறம், அளவு, செதில்கள், நடுமுனை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். மழையில் செதில்கள் கழுவப்பட்டுவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

5. செவுள்கள்: குடையின் அடியிலுள்ள தகடுகள் காம்பைத் தொடுகின்றனவா, இளம் காளானிலும் முதிர்ந்த காளானிலும் அவற்றின் நிறம் என்ன என்று ஒப்பிட வேண்டும்.

6. வெட்டுமுகம்: நீளவாக்கில் இரண்டாக வெட்டி நிறமாற்றத்தையும் மணத்தையும் கவனிக்க வேண்டும். உருண்டைக் காளான்களை வெட்டாமல் முடிவு செய்யக்கூடாது. உள்ளே குடையின் உருவம் தெரிந்தால் அது விரியாத குடைக்காளான். கருஊதா நிறம் தெரிந்தால் நஞ்சுள்ள ஸ்கிளெரோடெர்மாவாக இருக்கலாம்.

7. ஸ்போர்ப் பதிவு: காம்பை வெட்டிவிட்டுக் குடையைச் செவுள் கீழாக, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூட வேண்டும். சில மணி நேரத்தில் அல்லது ஓர் இரவில் ஸ்போர்த் தூள் தாளில் படியும். இத்தூளின் நிறம் செவுளின் நிறத்திலிருந்து வேறுபடலாம்.

ஸ்போர்த் தூளின் நிறங்கள் பின்வருமாறு: புற்றுக்காளானிலும் வைக்கோல் காளானிலும் இளஞ்சிவப்பு, அமானிட்டா, லெப்பியோட்டா, பால் காளான் ஆகியவற்றில் வெள்ளை, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிசில் பச்சை, மைக்காளானில் கறுப்பு, மொட்டுக் காளானில் சாக்லெட் பழுப்பு.

குழப்பம் தரும் இணைகள்

புற்றுக்காளானும் குளோரோஃபில்லமும்: இரண்டும் மழைக்குப் பின் கூட்டமாக முளைக்கும் வெண்குடைகள். புற்றுக்காளானுக்கு மண்ணுக்குள் நீளும் வேர்போன்ற பகுதியும் கூரிய நடுமுனையும் இளஞ்சிவப்பு ஸ்போர்த் தூளும் உண்டு. குளோரோஃபில்லத்தின் காம்பு அடியில் சற்றுப் பருத்து அங்கேயே முடிந்துவிடும். குடையில் பழுப்புச் செதில்களும் காம்பில் அசையும் வளையமும் இருக்கும். இதன் செவுள்கள் இளமையில் வெள்ளையாகவே இருந்து, முதிர்ந்த பின்னரே பச்சையாக மாறும். எனவே இளம் காளானில் பச்சை நிறம் இல்லாதது பாதுகாப்பின் அடையாளம் அன்று. வளையம் இருப்பதை மட்டும் வைத்தும் முடிவு செய்யக்கூடாது. டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி போன்ற சில புற்றுக்காளான்களுக்கும் வளையம் உண்டு.

வைக்கோல் காளானும் அமானிட்டாவும்: இரண்டுக்கும் அடியில் கிண்ண உறை உண்டு. வைக்கோல் காளானுக்கு வளையம் இல்லை, செவுள்கள் முதிரும்போது இளஞ்சிவப்பாகும். அமானிட்டாவின் செவுள்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும், பல இனங்களில் வளையமும் இருக்கும். முட்டைப் பருவத்தில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வைக்கோல் காளானை உண்டு பழகியவர்கள் வேறு நாடுகளுக்குக் குடிபெயரும்போது, அங்குள்ள அமானிட்டாவை அதுவென எண்ணி உண்ணும் ஆபத்து உண்டு.

அரிசி போன்ற சிறு புற்றுக்காளானும் லெப்பியோட்டாவும்: இரண்டும் சிறியவை, வெளிறியவை. சிறு லெப்பியோட்டா இனங்கள் சிலவற்றில் உயிர்க்கொல்லி நஞ்சு உள்ளது. குடையில் செதில் உள்ள எந்தச் சிறு வெண்காளானையும் உண்ணாதிருத்தலே நன்று.

நஞ்சேற்றம்

காளான் நஞ்சேற்றத்தில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது, உண்ட நேரத்துக்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட காலம் ஆகும். குளோரோஃபில்லத்தை உண்டால் பொதுவாக 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உடல் நீரிழப்பு குழந்தைகளுக்கு ஆபத்தானது. எனினும் பெரும்பாலோர் சிகிச்சையால் குணமடைகின்றனர்.

அமானிட்டா, லெப்பியோட்டா பேரினங்களின் சில இனங்களில் உள்ள அமாடாக்சின் இதற்கு நேர்மாறானது. உண்ட பின் 6 முதல் 24 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் தெரியாது. பின்னர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டு, ஒரு நாள் அளவில் குறைந்து, நோயாளி தேறிவிட்டதுபோலத் தோன்றும். அதே வேளையில் நஞ்சு ஈரலின் உயிரணுக்களில் புரத ஆக்கத்தைத் தடுத்து அவற்றை அழித்துக்கொண்டிருக்கும். இரண்டு முதல் நான்கு நாட்களில் ஈரல் செயலிழக்கக்கூடும். சிலருக்கு ஈரல் மாற்று அறுவை சிகிச்சை மட்டுமே வழியாகிறது. சமைத்தல், வேகவைத்த நீரைக் கொட்டுதல், உலர்த்துதல் ஆகிய எதுவும் இந்நஞ்சை நீக்காது.

2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக் காளானை உண்ட 13 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காளான் பறித்து உண்ணும் பழக்கம் நெடுநாளாக உள்ள பகுதியிலேயே இது நடந்தது.

காட்டுக் காளானை உண்ட பின் உடல்நலம் கெட்டால், அறிகுறி குறைந்தாலும் ஈரல் சோதனை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புதுச்சேரியில் ஜிப்மர் அத்தகையது. எஞ்சிய காளான், அதன் தோல், சமைத்த உணவு ஆகியவற்றை உடன் கொண்டு செல்வது இனங்காண உதவும். உண்ட நேரத்தையும், உடன் உண்ட அனைவரின் பெயரையும் மருத்துவரிடம் கூற வேண்டும். அறிகுறி தோன்றாதவர்களும் சோதிக்கப்பட வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

* நச்சுக் காளான் வெள்ளிக் கரண்டியைக் கருக்கும், பூண்டின் நிறத்தை மாற்றும் என்பது தவறு. அமாடாக்சின் இவற்றுடன் வினைபுரிவதில்லை.
* புழு, நத்தை உண்ட காளான் மனிதருக்கும் பாதுகாப்பானது என்பது தவறு. பல பூச்சிகளும் நத்தைகளும் இந்நஞ்சைத் தாங்கும்.
* வெண்ணிறக் காளான்கள் நல்லவை, வண்ணமுள்ளவை நஞ்சு என்பது தவறு. உயிர்க்கொல்லி அமானிட்டாக்கள் சில தூய வெண்ணிறமானவை.
* நல்ல சுவையும் மணமும் உள்ளவை நஞ்சற்றவை என்பது தவறு. நச்சு அமானிட்டாவை உண்டு பிழைத்தோர் பலர் அது சுவையாக இருந்ததாகக் கூறியுள்ளனர்.
* புற்றில் முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் என்பது தவறு. புற்றின் அருகில் வேறு மண் காளான்களும் முளைக்கும். அடிவரை தோண்டிப் பார்த்தல் இதனால் இன்றியமையாதது.

ஆய்வு வரலாறு

தரங்கம்பாடியில் தேனிய மிசனின் மருத்துவராக 1768 இல் வந்து பணியாற்றிய யோகான் கெரார்ட் கேனிக், கறையான் புற்றுக்குள் பூஞ்சை அடைகள் இருப்பதைத் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டு 1779 இல் எழுதினார். கறையான் - பூஞ்சைத் தொடர்பைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்பாக இது கருதப்படுகிறது. அவர் தென்னிந்தியாவிலிருந்து அனுப்பிய மாதிரியைக் கொண்டே, இன்று போடாக்சிஸ் பிஸ்டிலாரிஸ் எனப்படும் காளானை லின்னேயசு 1771 இல் விவரித்தார்.

புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826 இல் நிறுவப்பட்டது. பின்னாளில் அதன் பொறுப்பை ஏற்ற பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நீலகிரியில் சேகரித்த பூஞ்சைகளையும் பிற பூவாத் தாவரங்களையும் பாரிசில் மோந்தாஞ் 1842 இல் பட்டியலிட்டு வெளியிட்டார். நூறாண்டுகளுக்குப் பின், 1942 இல் பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் ரொசே எம் டெர்மிட்டோமைசஸ் பேரினத்தை நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் க. நடராசன் 1979 இல் விவரித்த தென்னிந்தியப் புற்றுக்காளான் இனம் அவர் நினைவாக டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி எனப் பெயர் பெற்றது.

காட்டிலிருந்து பயிருக்கு வந்த காளான்களும் உள்ளன. வைக்கோல் காளான் வளர்ப்பு இந்தியாவில் முதன்முதலில் 1943 இல் கோயம்புத்தூரில் மேற்கொள்ளப்பட்டது. மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டு 1974 இல் விவரிக்கப்பட்ட பால் காளானிலிருந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998 இல் ஏபிகே 2 என்னும் வளர்ப்பு வகையை வெளியிட்டது. புற்றுக்காளானை மட்டும் கறையான் இல்லாமல் வணிக அளவில் வளர்க்க இயலவில்லை. எனவே சந்தைக்கு வரும் புற்றுக்காளான் அனைத்தும் காட்டிலும் வயலிலும் பறிக்கப்பட்டதே.

பாதுகாப்பு

புற்றுக்காளானின் இருப்பு கறையான் கூட்டின் இருப்பைச் சார்ந்தது. வீட்டுமனைகளுக்காகப் புற்றுகளை இடித்தல், கறையான் கொல்லி ஊற்றுதல், வேர்நீட்சியுடன் அடையையும் தோண்டிச் சிதைத்தல் ஆகியவற்றால் அவ்விடத்தில் காளான் முளைப்பது நின்றுவிடும். இனங்காண்பதற்கு ஒரு காளானை மட்டும் அடிவரை தோண்டி, மற்றவற்றைத் தரைமட்டத்தில் எடுப்பதும், முதிர்ந்த சிலவற்றை ஸ்போர் பரவ விட்டுவைப்பதும் உரிய முறை. சாலையோரம், குப்பை மேடு, பூச்சிக்கொல்லி தெளித்த வயல் ஆகிய இடங்களில் முளைத்தவை உண்ணத்தக்க இனமாயினும் தவிர்க்கப்பட வேண்டியவை. காளான்கள் மண்ணிலுள்ள கன உலோகங்களைத் தம்மில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை.

கோயில் காடுகளில் எதையும் பறிக்கக்கூடாது என்ற மரபு பல ஊர்களில் உள்ளது. காப்புக் காடுகளில் பறிப்பதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. எழுத்து விளக்கமும் ஒளிப்படமும் இனங்காண உதவுமே தவிர, உண்பதற்கான உறுதியைத் தரா. அவ்விடத்தில் அக்காளானைப் பல பருவங்கள் பறித்துப் பழகியவரோ பூஞ்சையியல் வல்லுநரோ நேரில் பார்த்து உறுதி செய்யாத காட்டுக் காளானை உண்ணலாகாது.

இவற்றையும் பார்க்க

* காளான் வளர்ப்பு
* கறையான்
* பூஞ்சை
* கோயில் காடுகள்
* சுண்ணாம்பாறு